கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து வெயில்

"வேற என்ன வேணும்னாலும் கேளு. ராத்திரி வேலய விடச் சொல்லி மட்டும் கேக்காத."

"கேக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லு. பெறகு கஷ்டமாப் போயிரும்."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். ஆனா பகல் முழுக்கத் தூங்குனா ஒங்கள நான் எப்பதான் பாக்குறது?"

"ஞாயித்துக்கெழம பூசையில பாரு. அங்கயும் தூங்குனா எழுப்பி விடு."

பதுளை ரயில் நிலையத்துக்கு வெளியே, பஸ்ஸுக்காகக் காத்து நின்ற ஒரு மழை நாளில் றொமேஷும் அற்புதமலரும் இப்படிப் பேசிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு திரும்பும் வழி. பெரியவர்கள் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்ததால், இருவருக்கும் தனியாகப் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. அதில் றொமேஷ் கேட்டது இந்த ஒன்றைத்தான். அவன் தங்கை கிருஷாந்தி அப்போது டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குக் கிடைக்கும் மேலதிகக் காசில்தான் அந்தப் படிப்பு ஓடியது. மலருக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது. தங்கைக்காகத் தூக்கத்தை விடுகிறவன் பெண்டாட்டியையும் நன்றாகப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு பொய்க்கவும் இல்லை.

கிருஷாந்தி படித்து முடித்தாள். மொனராகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணமும் ஆனது. இரவு வேலைக்கு இருந்த காரணம் அவளோடு பஸ் ஏறிப் போய்விட்டது. இரவு வேலை மட்டும் போகவில்லை. மலர் கொடுத்த வாக்கும் போகவில்லை.

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் அவர்கள் வீடு. மலர் கொழுந்து பறிப்பவள். காலையில் மகள் கேஷானியின் தலையைப் பின்னி, ரொட்டியைச் சுட்டு மூடி வைத்துவிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவாள். அவள் மேலே ஏறும் பாதையில் றொமேஷ் தொழிற்சாலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருப்பான். "சம்பல் அடுப்பு மேல இருக்கு" என்பாள். "சரி, பாத்துப் போ, வழுக்குது" என்பான். அவள் பொழுது சாயக் கூடையை இறக்கிவிட்டு வரும்போது அவன் குளித்து, தலை சீவி, போகத் தயாராக நிற்பான். இடையில் இருந்த பகல் முழுவதும் அவன் தூங்கினான். அதனால் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கேஷானிக்குப் பேச்சு வந்ததே கிசுகிசுப்பாகத்தான். பிள்ளைக்குத் தொண்டையில் ஏதும் கோளாறா என்று பாடசாலையிலிருந்து ஒரு தடவை கேட்டனுப்பினார்கள்.

இந்த வருடம் பிறந்ததிலிருந்து றொமேஷுக்குக் கால் வலி. குந்தியிருந்து எழும்பும்போது சுவரைப் பிடித்தான். லயத்துப் படிகளில் ஏற நடுவில் நின்று, யாரையோ பார்ப்பதுபோல் பாவனை செய்தான். மலர் கவனித்துக் கேட்டபோது தூக்கம் போதவில்லை என்றான். பிறகு ஒருநாள், தொழிற்சாலையின் மேல்மாடிக்குக் கொழுந்துச் சாக்கைத் தூக்கிப் போகையில் முழங்கால் மடிந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர் நல்ல மனிதர்தான். இருந்தாலும், கால் இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்.

றொமேஷ் தனியாகப் பதுளைக்குப் போய், ஒரு தனியார் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தான். எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய விட்டமின் டி உடம்பில் மிகக் குறைவாம். விழுங்கக் குளிசை தந்திருக்கிறார்களாம். தோலில் வெயில் படவேண்டுமாம்.

"தோட்டத்துல பொறந்து வளந்த ஆளுக்கு வெயில் பத்தலயா?" என்று மலர் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அன்று அவள் மலையில் கொழுந்து பறிக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த மனிதன் கடைசியாக எப்போது வெயிலில் நின்றான்? விடியும் முன் பனி. மத்தியானம் தாண்டினால் மலையிலிருந்து மூடுபனி இறங்கிவிடும். நடுவில் இருக்கும் வெயிலையெல்லாம் ஒன்பது வருடமாக ஜன்னலில் சாக்கைக் கட்டி அவளேதான் மறைத்து வைத்திருக்கிறாள், அவன் தூக்கம் கெடக்கூடாது என்று.

அப்போதே கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால், 'அத மட்டும் கேக்காத' என்று சொன்ன அந்த முகமும் சேர்ந்து வந்து நின்றது.

சில வாரங்கள் போயின. அடுத்த வீட்டு வேலாயி அக்கா தண்ணீர்க் குழாயடியில் மலரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, ஒன் வீட்டுக்காரரு பெக்டரியிலயே பாய் போட்டுட்டாரா? நீயி மலைக்குப் போயி எவ்வளவோ நேரங்கழிச்சுத்தான் இங்க கதவு தொறக்குற சத்தம் கேக்குது."

"வேல கூடவா இருக்கும்க்கா."

"இருக்கும் இருக்கும். எம் புருசனும் அப்பிடித்தான் சொல்லுவாரு. அவருக்கு வேல இருந்த எடம் சாராயக்கட."

மலர் சிரித்து வைத்தாள். பாதையில் அவனைச் சந்திக்காமல் போன காலைகள் எத்தனை என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தான் முந்திப் போவதால்தான் காணவில்லை என்று எண்ணியிருந்தாள். அவள் மனம் வேறொரு பெண்ணைப் பற்றி நினைக்கவில்லை. குடியைப் பற்றியும் நினைக்கவில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. வேலை முடிந்த பிறகும் ஒரு மனிதனுக்கு வீட்டுக்கு வர மனமில்லை என்றால், அந்த வீட்டில் அவனுக்கு என்ன இல்லாமல் போயிற்று? ஒன்பது வருடம் கிசுகிசுத்துக் கிசுகிசுத்து, கடைசியில் பேசவே ஒன்றும் இல்லாமல் போய்விட்டதா?

மறுநாள் கங்காணியிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு, ரொட்டியைத் துணியில் கட்டி எடுத்து, நேரே தொழிற்சாலைக்குப் போனாள். கீழே உருளை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. றொமேஷ் எங்கே என்று கேட்டதற்கு ஒருவன் கண்ணால் மேலே காட்டினான்.

மேல்மாடி கொழுந்து வாட்டும் இடம். நீளமான மண்டபம், வரிசையாகக் கம்பி வலை போட்ட தொட்டிகள். இரவெல்லாம் வாடிய கொழுந்து கீழே போய்விட்டது. புதுக் கொழுந்து இன்னும் வரவில்லை. காற்றாடிகள் நின்றிருந்தன. கிழக்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி ஜன்னல்கள். வெளியே குளிர்காற்று அடித்தாலும், உள்ளே கதகதப்பாகவும், வாடிய இலையின் மணமாகவும் இருந்தது. அந்த ஜன்னலடியில் சாக்குகளில் சாய்ந்தபடி றொமேஷ் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டையைக் கழற்றியிருந்தான். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டிருந்தான். முகத்தில் மட்டும் ஒரு துவாய். வெயில் அவன் நெஞ்சிலும் காலிலும் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது.

மலர் கிட்டே போய் நின்றாள். அந்தக் கைகள் அவளுக்குத் தெரிந்த கைகளாக இல்லை. தோளுக்குக் கீழே சதை வற்றிப் போயிருந்தது. தினமும் பார்க்கிற மனிதன்தான். ஆனால் அவள் பார்த்ததெல்லாம் இருட்டிலும், சட்டை போட்டு வேலைக்கு வெளிக்கிட்ட நேரத்திலும்தானே.

காலடிச் சத்தத்தில் விழித்தவன், முதலில் சட்டையைத்தான் தேடி இழுத்தான்.

"யாரு சொன்னா இங்க இருக்கேன்னு?"

"வேலாயி அக்கா."

"அது சொல்லாட்டித்தான் அதிசயம்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். லயத்து வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்தால் போகிற வருகிறவனெல்லாம் என்ன வியாதி என்று கேட்பான். வெளியே காற்று எலும்பைக் குத்துகிறது. இங்கே என்றால் தனக்கென்றே செய்து வைத்த மாதிரி வெயில். வேலை முடிந்ததும் ஏறி வந்து, கொழுந்து லொறி வரும்வரை இருந்துவிட்டுப் போகிறான். முதலில் தந்த குளிசை முடிந்துவிட்டது. வெயில்தான் நிறையக் கிடைக்கிறதே என்று மறுபடி வாங்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"காலு நல்லா வந்த பெறகு சொல்லலாம்னு இருந்தேன். நொண்டிக்கிட்டு ஒம் முன்னால நிக்க ஒரு மாதிரியா இருந்துச்சு மலரு."

அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய வேகத்தில் கண் நிறைந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, தண்ணீர்ப் போத்தலில் நனைத்து, ஜன்னல் கண்ணாடிகளைத் துடைக்கத் தொடங்கினாள். பல வருடத்துத் தேயிலைத் தூசி துணியில் கறுப்பாக வந்தது.

"இப்பப் பாருங்க, எவ்வளவு வெயில் வருதுன்னு."

"தொர பாத்தா ஒனக்கும் இங்க ஒரு வேல போட்டுக் குடுத்துருவாரு."

இருவரும் ஒரே துணியில் ரொட்டியை வைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு வேலைநாள் முற்பகலில், வெளிச்சத்தில், எதிரெதிரே உட்கார்ந்து. கல்யாணமான புதிதில்கூட இப்படி உட்கார்ந்ததாக மலருக்கு நினைவில்லை. அவன் மெல்லும்போது இடது கன்னத்தில் விழும் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதும் கேட்க நினைத்தாள். கேட்டது, "சம்பல் ஒறப்பா இருக்கா?" என்று.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த முறை பதுளைக்குத் தானும் கூடப் போவது. டொக்டரே சொல்லிவிடுவார், இந்த இரவு வேலை உங்களுக்கு ஆகாது என்று. டொக்டர் சொன்னால் அது மலர் கேட்டதாகாது. கொடுத்த வாக்கும் உடையாது.

ஒரு சனிக்கிழமை இருவரும் போனார்கள். டொக்டர் காமிலா ஐம்பது வயதைத் தாண்டியவர். தலையில் முக்காடு, மூக்கு நுனியில் மூக்குக் கண்ணாடி. பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். விட்டமின் அளவு கொஞ்சம்தான் ஏறியிருந்தது. குளிசையை இடையில் நிறுத்தியதற்கு முதலில் றொமேஷுக்கு ஏச்சு விழுந்தது. இவ்வளவு குறைந்துபோன பிறகு வெயிலை மட்டும் நம்பியிருக்க முடியாது, சொல்லும்வரை குளிசையும் வேண்டும், அதற்காக அளவுக்கு மேல் விழுங்கவும் கூடாது என்றார். பிறகு, வெயில் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். றொமேஷ் மாடியைப் பற்றிச் சொன்னான்.

"கண்ணாடி மூடித்தான் இருந்திச்சா?"

"மூடித்தான் மிஸ். தொறந்தா குளிரு."

"அதுதான் விசயம். கண்ணாடிக்குள்ளால வெளிச்சம் வரும், சூடு வரும். தோலுக்குத் தேவையான கதிரு மட்டும் வெளிய நின்டுரும். நீங்க அங்க வருசக் கணக்கா படுத்திருந்தாலும் இந்த விட்டமின் ஊறாது."

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். "நா வேற நல்லாத் தொடச்சு விட்டேன் மிஸ்."

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். றொமேஷும் சிரித்தான். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதன்பிறகு டொக்டர் பொறுமையாக விளக்கினார். காலையின் இளம் வெயிலும் சாயங்கால வெயிலும் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் இந்தக் காரியத்துக்கு ஆகாது. நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் வேண்டும். உங்கள் பக்கத்தில் மத்தியானத்துக்குப் பிறகு பனி மூடுகிறதென்றால், பத்து மணிக்கு மேல் ஒரு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கையும் காலும் திறந்திருக்கட்டும், முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டாலும் பரவாயில்லை. வாரத்தில் சில நாட்கள், கொஞ்ச நேரம் போதும். நம்மைப்போலக் கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிடச் சற்றுக் கூட நேரம் பிடிக்கும். ஆனால் தோல் சுட்டு எரியும்வரை இருக்கவே கூடாது. அதற்கு முன்பே சட்டையைப் போட்டுக்கொண்டு நிழலுக்குப் போய்விட வேண்டும். அதிகம் காய்ந்தால் அதிகம் சத்து ஊறப்போவதில்லை, தோல்தான் கெடும்.

பேச்சுவாக்கில் மலரிடம், நீங்கள் நாள் முழுவதும் வெயிலில்தானே என்றார். ஆமாம் என்று அவள் பெருமையாகத் தலையாட்டினாள். என்ன உடுத்திக்கொண்டு வேலை செய்வீர்கள் என்று அடுத்துக் கேட்டார். முழுக்கைச் சட்டை, இடுப்பிலிருந்து கால்வரை தடித்த படங்குத் துணி, தலைக்கு ஒரு துணி. குளவிக்கும் அட்டைக்கும் பயந்து எல்லாப் பெண்களும் அப்படித்தான். சொல்லிக்கொண்டு வரும்போதே மலருக்குப் புரிந்துவிட்டது. வெயில் பார்ப்பது அவள் முகமும் விரல்களும் மட்டும்தான்.

"நீங்களும் லீவு நாள்ல கொஞ்சம் கைய மடிச்சுவிட்டு இவரோட இருங்க" என்றார் டொக்டர்.

எழும்ப வேண்டிய நேரம் வந்தது. டொக்டர் இன்னும் அதைச் சொல்லவில்லை. மலர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தபடி, தானே எடுத்துக் கொடுத்தாள்.

"மிஸ், இவருக்கு ராத்திரி வேல. பகல் முழுக்கத் தூக்கம். அதனாலதானே இவ்வளவும்?"

"ஓ, அதுவும் ஒரு காரணம்தான். ஆனா அதுக்காக வேலய விடணும்னு இல்ல. வீட்டுக்கு வந்து, வெளிய கொஞ்ச நேரம் இருந்திட்டுப் படுத்தாப் போதும். குளிசையும் சேர்ந்தா காலு வந்துரும். பயப்படாதீங்க."

றொமேஷ் பெருமூச்சு விட்டான், பெரிய சுமை இறங்கியதுபோல. மலருக்குக் கண்முன்னாலேயே கடைசி பஸ் போய்விட்டதுபோல் இருந்தது. நன்றி சொல்லிக்கொண்டு எழும்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப் போனான். இரவு மறுபடி வேலைக்குப் போகவேண்டும். வளைவுகளில் அவன் தலை சரியாமல் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். டொக்டர் நல்ல செய்திதான் சொன்னார். கால் வந்துவிடும். வேலை போகாது. கும்பிட்ட தெய்வம் கேட்டதைக் கொடுத்துவிட்டது. கேட்காததை எப்படிக் கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. லயத்துக்குப் பின்னால், அவர்கள் போஞ்சி நட்ட சின்னத் துண்டு நிலத்தில் மலர் ஒரு சாக்கை விரித்தாள். போஞ்சிக் கொடி படர்ந்த பந்தல் பாதையிலிருந்து மறைப்பாக இருந்தது. காற்றும் அவ்வளவாக அடிக்கவில்லை. விடியற்காலை வேலை முடிந்து வந்த றொமேஷ், தூங்காமல் கொட்டாவி விட்டபடி வந்து உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றத் தயங்கினான். மலர் தன் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து அவனும் கழற்றினான்.

கேஷானிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அவள் தகப்பனை எழும்பி நிற்கச் சொல்லி, நிழலின் தலை விழுந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டாள். பிறகு தாயின் காதருகே வந்து, "அம்மா, அப்பா நெழலு அப்பாவ விடக் குட்ட" என்றாள்.

"சத்தமாச் சொல்லு பாப்பா. அப்பா முழிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க."

பிள்ளை தகப்பனைப் பார்த்தது. அவன் தலையசைத்தான்.

"அப்பா நெழலு குட்ட!" என்று அவள் கத்தியதில், அடுத்த வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வேலாயி அக்கா பந்தலைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, குடும்பத்தோட கருவாடு காயுறீங்க?"

"எடம் இருக்கு, நீங்களும் வாங்கக்கா" என்றான் றொமேஷ்.

"நா ஏற்கனவே காஞ்ச கருவாடு தம்பி. நீங்க காயுங்க." சிரித்துக்கொண்டே போனாள். என்ன வியாதி என்று அவள் கேட்கவில்லை என்பதை றொமேஷ் கவனித்தான். மலரும் கவனித்தாள்.

வெயில் தோளில் ஏறியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, தொழிற்சாலையில் நடந்த ஒரு பகிடியைச் சொல்லிச் சிரித்தான். அவள் பக்கத்து மலையில் புதிதாக வந்திருக்கும் கங்காணியைப்போல் பேசிக் காட்டினாள். இருவர் பேச்சும் தாராளமாக, வீடு முழுவதும் கேட்கிற அளவுக்கு இருந்தது. கேஷானி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், புதுப் பாடம் ஒன்றைக் கேட்பதுபோல.

அவன் முதுகைத் தொட்டுப் பார்த்த மலர், "போதுங்க, சூடேறிருச்சு" என்று சட்டையை நீட்டினாள். நமுனுகுலை உச்சியில் பனி வெள்ளையாகத் திரளத் தொடங்கியிருந்தது. அவன் அவள் தோளைப் பிடித்து எழும்பினான். சுவரைப் பிடிக்காமல் தன் தோளைப் பிடித்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"இனி இப்பிடியே செஞ்சுரலாம்" என்றான் அவன், பட்டனைத் தேடிக்கொண்டே. "நீ மலைக்குப் போற நாள்ல நா தனியா வந்து இருந்துட்டுப் போய்ப் படுத்துக்கிறேன். காலு வந்துரும்."

தனியாக என்ற சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். மலருக்கு, தரையில் விரித்த அந்தச் சாக்கு கண்முன் தெரிந்தது, அதில் ஒற்றையாக உட்கார்ந்து தன் நிழலைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதன் தெரிந்தான். பிறகு உள்ளே போய், ஜன்னல் சாக்கை இழுத்துவிட்டுப் படுப்பான். பாடசாலையிலிருந்து வரும் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழையும். கால் வந்துவிடும். படி ஏறுவான், சாக்குத் தூக்குவான், எல்லாம் பழையபடி நடக்கும். அந்தப் பழையபடிதான் அவளுக்கு வேண்டாம். இதை அவளுக்காக எந்த டொக்டரும் வந்து சொல்லப்போவதில்லை.

அவன் ஒரு பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். அவள் கிட்டே போய் அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். கையை எடுக்கவில்லை.

"என்னங்க."

"ம்?"

"ரயில் டேசன்ல வச்சு ஒங்களுக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

அவன் கொட்டாவி பாதியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் குரலைத் தணிக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பழக்கமில்லாத குரலில், அடுத்த வாசல்வரை கேட்கும்படியாகவே சொன்னாள்.

"ராத்திரி வேலய விட்டுருங்க. பகல்ல எங்களோட இருங்க."